தாடைக்குக் கீழே ஒரு வெள்ளைப் புள்ளி

கஜந்தினி கணினித் திரையில் தன் பற்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

முப்பத்திரண்டு வந்தது. வாய்க்குள் நாக்கால் தடவி எண்ணினால் இருபத்தெட்டுத்தான்.

"மிச்சம் நாலும் எங்கை, டொக்டர்?"

"உள்ளுக்கை படுத்திருக்கு. ஞானப்பல். வெளியிலை வர இன்னும் கொஞ்ச வருசம் செல்லும்" என்றார் டொக்டர் சிவகரன்.

பல்லுக்குக் கிளிப் போடுவதற்கு முன் எடுத்த எக்ஸ்றே அது. அவளுக்குப் பதினாறு வயது. மேல் வேட்டைப்பல் ஒன்று வரிசையை விட்டு முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. பள்ளிக்கூடத்து ஓ.எல். சோதனை முடியட்டும் என்று ஒரு வருடமாகச் சொல்லிவந்த அம்மா தவமலர், இன்றுதான் புத்தூரிலிருந்து பஸ் ஏற்றிப் பருத்தித்துறைக்குக் கூட்டி வந்திருந்தாள்.

தன் மண்டையோட்டைத் தானே பார்க்கப் பயமாக இருக்கும் என்று கஜந்தினி நினைத்திருந்தாள். பயம் வரவில்லை. கேள்விதான் வந்தது. எந்தப் பல் எந்தப் பக்கம் நகரும்? கம்பியை இறுக்கினால் நோகுமா? மாங்காய் கடிக்கலாமா?

பிறகு திரையின் கீழ்ப்பக்கத்தில் விரலை வைத்தாள். தாடைக்குக் கீழே, அரிசிமணி அளவில், பளிச்சென்று வெள்ளையாக ஒன்று.

"இதும் பல்லோ?"

அதைப் பற்றித்தான் டொக்டரும் கேட்க இருந்தார். தோடு, சங்கிலி எல்லாம் கழற்றச் சொல்லி இரண்டாம் முறை எடுத்தும் அது அதே இடத்தில் இருந்தது. போரைக் கண்ட ஐம்பது வயதுக்காரர் ஒருவரின் படத்தில் இருந்திருந்தால் டொக்டர் கேட்டிருக்கவே மாட்டார்.

"பல்லில்லை, பிள்ளை. இரும்பு. சதைக்குள்ளை கிடக்குது. கிளிப் போட அது தடையில்லை."

சொல்லிவிட்டுத் தவமலரைப் பார்த்தார்.

கஜந்தினி தாடையின் அடியைத் தடவினாள். அங்கே ஒரு சின்னத் தழும்பு.

"குழந்தையிலை ஏணைத் தொட்டிலாலை விழுந்த காயமெண்டுதானே சொன்னனீங்கள். ஏணையாலை விழுந்தா இரும்பு எப்பிடியம்மா உள்ளுக்கை போகும்?"

அவள் கோபத்தில் கேட்கவில்லை. அறிய விரும்பித்தான் கேட்டாள். அதுதான் தவமலரை உடைத்தது.

மடியிலிருந்த கைப்பையை எடுத்துக் கீழே வைத்தாள். மறுபடி எடுத்து மடியில் வைத்தாள்.

"நீ விழேல்லை. அது சண்டை நேரம் வெடிச்ச செல்குண்டின்ரை துண்டு. உனக்கு அப்ப அஞ்சு மாசம். பங்கர்க் குழிக்குள்ளை அக்காதான் உன்னை மடியிலை வைச்சிருந்தவள். சத்தம் கேட்டவுடனை குனிஞ்சு உன்னை மூடினவள். அதாலைதான் உனக்கு இது ஒண்டு மட்டும் பட்டது."

டொக்டர் மெதுவாக எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

கஜந்தினிக்கு எல்லாம் விளங்கியது, ஒரு சொல்லைத் தவிர. வீட்டில் அவளும் அம்மாவும் மட்டும்தான். அக்கா என்று கூப்பிட அவளுக்கு ஒருவரும் இருந்ததில்லை. ஒரு படம்கூட இல்லை.

"எந்த அக்கா?"

பதினாறு வருடமாகச் சொல்லாத பெயர். தவமலருக்கு முதல் எழுத்திலேயே நாக்குத் தடக்கியது.

"துளசிகா."

கஜந்தினி அந்தப் பெயரை ஒருமுறை தானும் சொல்லிப் பார்த்தாள். கதிரையை இழுத்து அம்மாவின் முழங்காலோடு முட்டப் போட்டாள்.

"அவவுக்கும் என்னைப்போலை பல்லு மிதப்போ?"

தவமலர் திரையில் தெரிந்த முன்பற்களின் மேல் விரலை வைத்தாள்.

"தெரியாது, பிள்ளை. அவளுக்கு அப்ப ஏழு வயசுதான். பால்பல்லு விழுந்தது. முன்னுக்கு ரெண்டும் முளைக்கேல்லை."