ரெண்டு மணிக்கே ஏறினவ

அக்கா, தூங்கிட்டியா? கப்பல் ரூம்ல, போர்வைக்குள்ள இருந்து அனுப்பறேன்.

இன்னைக்கு நின்ன ஊர்ல, டூர் பஸ் வேணாம், நாமளே சுத்துவோம்னு அப்பா என்னையும் அம்மாவையும் கோட்டைக்குக் கூட்டிட்டுப் போனாரு. நான் போட்டோ எடுத்துட்டுத் திரும்பினா ரெண்டு பேரையும் காணோம். வழி கேட்டு, அழுதுட்டே ஓடி வந்தேன். கப்பல் வாசல்ல ரூம் கார்டை மெஷின்ல வெச்சா, "நீ ரெண்டு மணிக்கே ஏறிட்டியேம்மா"ன்றாரு செக்யூரிட்டி. அவரு கம்ப்யூட்டர்ல அந்த நேரத்துப் படம். நானேதான்! அம்மாகூட சிரிச்சுட்டு நிக்கறேன்.

ரூம்ல அம்மா தனியா இருந்தாங்க. "என்னை விட்டுட்டு எப்படிம்மா வரலாம்?"னு கத்தினேன்.

"உளறாதடி! இன்னைக்குத்தான் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காம நாள் பூரா என்கூட நல்லா பேசிட்டு வந்தே. அதுக்குள்ள ஆரம்பிச்சுட்டியா?"

என்னை யாருமே தேடலக்கா. எவ்வளவு அநியாயம்!

இப்போ அம்மா அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டு, மெதுவா தட்டிக் குடுத்துட்டே, "நீ தூங்குடி செல்லம்"ன்றாங்க.

நான் இந்தப் பக்கம் இருக்கேன்.