முக்கால் லிட்டர்

"வண்டி யாருது?"

"உங்களுது நைனா."

"பெட்ரோலு?"

"அதுவும் உங்களுதுதான்."

"அப்ப கேட்டுக்க. தெனம் முக்கால் லிட்டர் என் கையால அளந்து ஊத்துவேன். தேவிகாபுரம் போயி தறிக்காரங்களப் பாத்துட்டு வர அது சரியா இருக்கும். வெளியில ஒரு சொட்டு ஊத்தின, அன்னிக்கே சாவியக் குடுத்துடணும்."

"ஊத்தல. ஆனா நீங்க ஊத்தற பெட்ரோல்ல நான் எங்க வேணா போலாமா?"

"எங்க வேணா போ. கலசப்பாக்கத்துக்கே போயேன் பாக்கலாம்!"

பச்சையப்பனும் மகன் குமரேசனும் அப்படிப் பேசி ஒரு மாதம் ஆகிவிட்டது. அந்தக் கடைசிச் சொல்லை நினைத்தால் இன்றைக்கும் பச்சையப்பனுக்கு மீசைக்குள் சிரிப்பு வரும்.

கலசப்பாக்கத்தில்தான் நான்சி இருந்தாள். குமரேசனோடு கல்லூரியில் படித்தவள், இப்போது பள்ளிக்கூட டீச்சர். "வேதக்காரப் பொண்ணு என் வூட்டுப் படி ஏறக் கூடாது" என்று பச்சையப்பன் சொல்லிவிட்டார். "கட்டினா அவளத்தான் கட்டுவேன்" என்று குமரேசனும் சொல்லிவிட்டான். அப்பனும் மகனும் அதற்கப்புறம் இறங்கி வரவே இல்லை.

பச்சையப்பன் ஆரணியில் பட்டுப்புடவை வியாபாரி. பட்டையும் ஜரிகையையும் தறிக்காரர்களுக்கு எடை போட்டுக் கொடுத்து, நெய்து வந்த புடவையை எடை போட்டு வாங்குகிற கை. அந்தக் கைக்குப் பெட்ரோல் எம்மாத்திரம்? அந்த நூற்றைம்பது சிசி வண்டி லிட்டருக்கு நாற்பத்தைந்து கொடுக்கும். டேங்கில் பழசாக இருந்ததையெல்லாம் முதல் நாளே இறக்கிவிட்டார். முக்கால் லிட்டரில் கலசப்பாக்கம் போய்த் திரும்ப முடியாது. போக முடியாவிட்டால் காதல் தானாக வற்றிவிடும் என்பது அவர் போட்ட கணக்கு.

வெள்ளிக்கிழமை மெக்கானிக் சம்பந்தம் கடைத்தெருவில் அவரை நிறுத்தினார்.

"இன்னாங்க மொதலாளி, உங்க பையன் எங்க கத்துக்கினாரு இப்டி ஓட்ட? முள்ளு நாப்பதத் தாண்டறதில்ல. எறக்கம் வந்தா இஞ்ஜின ஆஃப் பண்ணிடறாரு. நாளு தவறாம டயர்ல காத்து பாக்கறாரு. நாப்பத்தஞ்சு குடுத்த வண்டி இப்ப அம்பத்தஞ்சு குடுக்குது!"

பச்சையப்பன் பூரித்துப் போனார். "வியாபாரி ரத்தமாச்சே! சிக்கனம் எங்க போவும்?"

"டபுள்ஸ் போனா எவ்ளோ கொறையும்னுகூட கேட்டாருங்க. கலசப்பாக்கத்துக்குப் போவவும் டபுள்ஸ், வரவும் டபுள்ஸ். மொத்தம் எத்தினி லிட்டர் புடிக்கும்னு என்ன உக்கார வெச்சி கணக்குப் போட்டாரு."

டபுள்ஸ். அந்த ஒரு வார்த்தையிலேயே பச்சையப்பனுக்குக் காது அடைத்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்தவர் நேரே டேங்க் மூடியைத் திறந்து வண்டியை ஆட்டிப் பார்த்தார். உள்ளே தளும்பியது. அத்தனையும் அவர் அளந்து ஊற்றியதுதான்.

"பொண்ண இழுத்துகினு ஓடறதுக்கு என் பெட்ரோலா? ஒரு டியூப் குடுடி, எறக்கிடறேன்!"

அவர் மனைவி கிருஷ்ணம்மாள் அசையவில்லை. "எங்க வேணா போன்னு வாய்கிழிய சொன்னது யாருங்க? இப்ப எறக்கினா, உங்க பேச்ச நாளைக்கி எந்தத் தறிக்காரன் மதிப்பான்?"

பச்சையப்பன் மூடியை மூடினார். பெட்ரோலைத் தொடக்கூடாது, சரி. ஆனால் வண்டி அவருடையது அல்லவா?

மறுநாள் காலையில் குமரேசன் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது, அவர் வண்டிக்குப் பக்கத்தில் தயாராக நின்றிருந்தார்.

"எங்கடா?"

"கலசப்பாக்கம். உங்க பெட்ரோல்லதான் போறேன்."

"டபுள்ஸா?"

"ஆமா நைனா, டபுள்ஸ்தான்." பையன் கண்ணைத் தாழ்த்தவில்லை.

பச்சையப்பன் வேட்டியை மடித்துக் கட்டினார். காலைத் தூக்கிப் போட்டுப் பின் சீட்டில் ஏறி அழுத்தமாக உட்கார்ந்தார்.

"இப்ப ஓட்டு! இந்த சீட்ட உட்டு நான் எறங்க மாட்டேன். எவ வந்து இங்க உக்கார்றான்னு பாத்துடறேன்."

"எறங்க மாட்டீங்களே?"

"கலசப்பாக்கம் இன்னா, காசிக்கே போனாலும் எறங்க மாட்டேன்டா! எடு வண்டிய."

ஒரே உதையில் வண்டி கிளம்பியது. வாசலில் நின்ற கிருஷ்ணம்மாள் சிரிப்பை அடக்க முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். வண்டி பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, போளூர் ரோட்டில் திரும்பி, முள் நாற்பதில் நிற்க, ஊரைவிட்டு வெளியே வந்தது.

குமரேசன் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு வருஷமாக அப்பாவிடம் சண்டை போட்டிருக்கிறான், முறைத்திருக்கிறான், சாப்பிடாமல் படுத்திருக்கிறான். இதை மட்டும் கேட்டதில்லை.

"எனக்காக நான்சிய பொண்ணு கேளுங்க நைனா."