முதல் பாடம்

சிஸ்டர் இங்கிரிட் காலை நாலரைக்கு எழுந்திருப்பார். ஜெபம், கிணற்றுத் தண்ணீரில் குளியல், சர்க்கரை போடாத ஒரு டம்ளர் காபி. வெள்ளைப் புடவையை இரண்டு ஊக்கு குத்திக் கட்டிக்கொண்டு ஐந்தேகாலுக்கு மிஷனிலிருந்து சைக்கிளில் கிளம்புவார். நார்வேயிலிருந்து வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. ஒரு நாளும் இது மாறியதில்லை.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருதான் அவருக்கு முதல் தெரு. தறிச் சத்தம் தொடங்குவதற்கு முன் கர்ப்பிணிகளைப் பார்த்துவிட வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் பெல்லை மூன்று தரம் அடித்துவிட்டு நிற்பார். யாராவது "வாங்க" என்று சொன்னால்தான் செருப்பைக் கழற்றுவார்.

அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் நான். கூப்பிடாமல் ஒரு வீட்டுக்குள் நுழையக் கூடாது என்பதுதான் முதல் பாடம்.

இன்று பெல் சத்தம் இல்லை. தெருவில் தறிக்கான பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதைச் சுற்றிக்கொண்டு சைக்கிளைத் தள்ளியபடி வந்தார். கூடவே மிஷன் பொறுப்பாளர் அப்பாதுரை.

என் மனைவி வடிவுக்குப் பதினாறாம் நாள் காரியம் நேற்று முடிந்தது. குழந்தை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது.

"தனசேகரன், இந்த நேரத்துல வந்து கேக்கறதுக்கு மன்னிக்கணும்" என்றார் அப்பாதுரை. "உங்க மாமனார் ஓரிக்கையிலேர்ந்து மனு எழுதிக் குடுத்திருக்காரு. சிஸ்டர் லேட்டா வந்ததாலதான் உங்க சம்சாரம் தவறிட்டாங்கன்னு. அது நெசம்னா இவங்கள ஊருக்கு அனுப்பறதத் தவிர வேற வழியில்ல. வெள்ளிக்கிழமை மெட்ராஸ்ல கப்பல் இருக்குது."

சிஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த தை மாதம் இதே தெருவில் ஒரு பிரசவ அறை திறப்பதாக இருந்தார். அதற்கு இடம் பார்த்துக் கொடுத்தவனும் நான்தான்.

முந்தின மாதம் இதே வாசலில் என் அம்மா நீலாம்பாள் அவரிடம் கேட்டாள்.

"ஏம்மா, வயசுப் பொண்ணு நீ. தாலி அறுத்தவ மாதிரி வெள்ளப் பொடவ கட்டிக்கினு விடியக்காலையில எதிர்ல வர்றியே. புள்ள பொறக்கற அன்னிக்காவது கலர் பொடவ கட்டிக்கினு வாம்மா."

"இது எங்கள் சீருடை, அம்மா. மாற்றுவதற்கு எனக்கு அனுமதி இல்லை."

உள்ளே வடிவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பாருங்க, ரேடியோவுல சேதி படிக்கிற மாதிரியே பேசறாங்க. எல்லாம் உங்க வாத்தியார் வேல."

நானும் சிரித்தேன். பி.ஏ. படித்தவன். புடவை நிறத்தில் என்ன இருக்கிறது என்று அம்மாவிடம் வாதாடினேன்.

அம்மாவுக்கும் சிஸ்டர் மேல் கோபம் ஒன்றும் கிடையாது. அவர் கொடுத்த ஏசு படத்துக்குக் குங்குமம் வைத்து, முருகன் பக்கத்தில் மாட்டியிருந்தாள்.

"எனக்கு இவங்கதாங்க பாக்கணும்" என்று வடிவு அன்றே சொல்லிவிட்டாள். "அந்த மருத்துவச்சி கைய நெனைச்சாலே பயமா இருக்குது."

அவளுக்கு வலி எடுத்தது விடியற்காலை மூன்று மணிக்கு. அம்மா மருத்துவச்சியைத்தான் கூட்டி வந்தாள். சிஸ்டர் எப்படியும் வருவார், அதுவரைக்கும் இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

"சொல்லுங்க தனசேகரன்" என்றார் அப்பாதுரை. "அன்னிக்கு இவங்க எத்தன மணிக்கு உங்க வீட்டுக்குள்ள வந்தாங்க?"

அம்மா முந்திக்கொண்டாள். "ஏழு மணிக்கு வந்தாங்க சாமி. வந்து இன்னா பிரயோசனம்? உதிரமெல்லாம் போயி, உடம்பு சில்லுன்னு ஆயிடுச்சி. கொழந்தைய மட்டும் எடுத்துக் குடுத்தாங்க."

"நான் அவரத்தான் கேட்டேம்மா" என்றார் அப்பாதுரை.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். சிஸ்டரும் பார்த்தார். தெருவில் பாவு நூலை நீவிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டார்கள்.

"ஏழு மணிக்கு" என்றேன்.

அப்பாதுரை பெருமூச்சு விட்டார். "சிஸ்டர், நீங்க என்ன சொல்றீங்க?"

உள்ளே குழந்தை சிணுங்கியது. சிஸ்டர் அந்தப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஆம் ஐயா. ஏழு மணிக்குத்தான் நான் உள்ளே வந்தேன்."

அப்பாதுரை அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டார். என்னிடம் கையெழுத்துக் கேட்டார். போட்டேன்.

சிஸ்டர் தோள்பையிலிருந்து ஒரு பால்பவுடர் டப்பாவை எடுத்து வாசற்படியில் வைத்தார். "தண்ணீரை நன்றாகக் கொதிக்க வையுங்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுங்கள்." பிறகு கேட்டார். "போவதற்கு முன் குழந்தையை ஒரு முறை பார்க்கலாமா?"

கேட்டுவிட்டு அங்கேயே நின்றார். செருப்பைக் கழற்றவில்லை.

அம்மா எழுந்து உள்ளே போனாள். அப்பாதுரை கடிகாரத்தைப் பார்த்தார். நான் குனிந்து டப்பாவை எடுத்தேன்.

சிஸ்டர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுச் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

வலி எடுத்த அன்று ஐந்தரை மணிக்குப் பிறகு வடிவு பேசவில்லை. கடைசியாக, என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னதை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

"மூணு பெல்லும் அடிச்சிட்டாங்க... சிஸ்டரு வாசல்லியே நிக்கிறாங்க பாருங்க, 'வாங்க'ன்னு சொல்லுங்க."