ஒன்றரைக் கிலோ ஜீவன்

"கழுத்தைத் தாங்கிப் பிடி! கீழ போட்டுடாதே!" என்று பதறினார் கணவர்.

வெள்ளைத் துண்டில் சுற்றியிருந்ததை மனைவி இரு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். எடை ஒன்றரைக் கிலோ. வயது ஐம்பத்தெட்டு.

"நம்ம பொண்ணு பொறந்தப்பகூட நீங்க இப்படிப் பதறலையே" என்றபடி துண்டைப் பிரித்தாள். உள்ளே உலக்கைத் துண்டு போல ஒரு பழைய லென்ஸ்.

இதைப் புத்தம்புதுக் கேமராவில் மாட்டி ஒரு வாரம் சுமந்ததில் அவருடைய வலது தோளில் பிளாஸ்திரி ஏறியிருந்தது. பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்று கடைக்காரர் கொடுத்த கெடு இன்று மாலையோடு முடிகிறது.

"இதுல எடுத்தாதான் படத்துக்கு ஜீவன் வரும். உனக்கு எங்க புரியப் போகுது?"

"உங்களுக்குப் புரிஞ்சா போதும். கேமராவோட வந்த லென்ஸ்ல ஒண்ணு, இதுல ஒண்ணு எடுப்போம். எது இதுல எடுத்ததுன்னு பார்த்தே சொல்லிட்டீங்கன்னா, இதுக்குத் தொட்டிலே கட்டித் தரேன். இல்லேன்னா கடைக்குப் போயிடணும்."

"சரி!" என்றவர், படம் எடுக்கப்போகும் மகளுக்குப் பாடம் நடத்தினார். "புது லென்ஸுக்குப் பின்னாடி குட்டிக் குட்டியா உலோகப் புள்ளி இருக்கும்மா. அது வழியா தன் பேரைக் கேமராகிட்ட சொல்லிடும். இதுக்கு அந்தப் புள்ளியே கிடையாது. படத்தோட விவரத்துல லென்ஸ் பேர் வர்ற இடத்துல வெறும் கோடுதான் வரும். பயந்துடாதே."

அவரை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டு, அம்மாவை வெள்ளைச் சுவரோரம் நிறுத்தி மகள் இரண்டு படம் எடுத்தாள். பிறகு அப்பாவை அழைத்துக் கணினியில் காட்டினாள்.

அவர் ஒரு நிபுணரைப் போலத் தலையை இடப்பக்கம் சாய்த்துப் பார்த்தார். வலப்பக்கம் சாய்க்கத் தோள் விடவில்லை.

"முதல் படம்... ஆகா! கன்னத்துல வெளிச்சம் எப்படி வழுக்கிட்டுப் போகுது பார்! இதான் எங்க கிழவன் கைவண்ணம்!"

"ரெண்டாவது?" என்றாள் மனைவி.

"அடையாள அட்டைக்கு எடுத்த மாதிரி இருக்கு. சுத்தக் குப்பை! இந்த லென்ஸையெல்லாம் எவனாவது வாங்குவானா?"

மனைவி துண்டை விரித்துவைத்துக் காத்திருந்தாள். மகள் இரண்டு படங்களின் விவரத்தையும் திறந்து பார்த்தாள்.

"அப்பா, நீங்க குப்பைன்னதுலதான் கோடு வருது."