விட்டுப்போன ஒரு வரி

ஜன்னல் வெயில் கருப்புத் திரையில் விழுந்து, தம்பி தட்டும் பச்சை எழுத்துகளைப் பாதி அழிக்கிறது. கூடப் பிறந்தவன் இல்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என்னை அக்கா என்கிறவன். ஆறு மணி நேரப் பயணத் தொலைவில், ஒரு மலையுச்சி அறையில் இருக்கும் ரவுட்டரில், இணையத் தகவல் போய்வரும் பிஜிபி பாதையை இங்கிருந்தே மாற்றுகிறான். நாலு மணிக்கு அவன் மனைவிக்கு முதல் ஸ்கேன். "மூணுக்குக் கிளம்பிடுவேன்க்கா," என்கிறான், விரல் நிற்காமல். தூரத்துப் பெட்டியைத் தொடும்முன், பத்து நிமிடத்தில் பழைய நிலைக்கே திரும்பிவிடச் சொல்லி அதற்கு ஒரு வரி எழுதிவைப்பது எங்கள் வழக்கம். அவசரத்தில் அதை விட்டுவிட்டான். இப்போது புதுப் பாதை எழும்முன்னே பழையதை நீக்கும் வரியைத் தட்டுகிறான். அந்தப் பழைய பாதை வழியாகத்தான் அந்தப் பெட்டியையே எட்டியிருக்கிறான்; உட்கார்ந்திருக்கும் கிளையையே வெட்டுகிறான். நான் வாயைத் திறக்கிறேன். பின்னால் நிற்கும் டீம் லீடர் தன் உதட்டில் விரல் வைக்கிறார். போன வாரக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் லீடரின் தவறைச் சுட்டிக்காட்டியவன் தம்பி; அதை அவர் மறக்கவில்லை. வண்டிச் சாவியைச் சத்தமில்லாமல் அவன் மேஜை ஓரம் வைக்கிறார். நான் வாயை மூடிக்கொள்கிறேன். தம்பி என்டரை அழுத்துகிறான். அதன்பின் தட்டும் ஓர் எழுத்தும் திரையில் விழவில்லை. மறுபடி தட்டுகிறான், மறுபடியும்.

"நேர்ல போய்த்தான் சரி பண்ணணும். டேங்க் ஃபுல்லா இருக்குப்பா," என்கிறார் லீடர், அத்தனை கனிவாக.

சாவியைப் பார்த்தவன் என் பக்கம் திரும்புகிறான். "நீங்க கவனிச்சிருந்தா சொல்லியிருப்பீங்கல்லக்கா?"

"பின்னே, சொல்லாம இருப்பேனாடா?" என்கிறேன்.