பள்ளத்தாக்கை விட்ட கோடு

"கோடுன்னா இது கோடு," என்றார் இயக்குநர், வந்திருந்த விருந்தினர்களிடம்.

அவர் காட்டியது இளையவளின் திரையை. பக்கத்து மேஜையில் மூத்தவர் தன் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் தூசி எதுவும் இல்லை.

காட்டுத்தீயின் புகை எந்தப் பக்கம் நகர்கிறது என்று செயற்கைக்கோள் படங்களை ஓடவிட்டுப் பார்த்து, அதன் விளிம்பைக் கோடாக வரைவதுதான் இருவருக்கும் வேலை. சாயங்காலம் வரைபடம் போகும். கோட்டுக்குள் விழுந்த ஊர்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்ளும்.

போன வருடம்வரை விருந்தினர்கள் மூத்தவர் திரையைத்தான் பார்த்தார்கள். இவள் மாற்றலாகி வந்தாள். நாற்காலிகள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. மூத்தாள், இளையாள் என்று அலுவலகமே இருவரையும் கேலி செய்தது. மூத்தவருக்குச் சிரிப்பு வரவில்லை. உவமை அவ்வளவு பொருத்தம்.

விருந்தினர்கள் போனதும் இளையவள் திரும்பினாள்.

"சார், அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துச் சொல்றீங்களா?"

"எங்கிட்டயா? நீங்க போட்டா சரியாத்தாம்மா இருக்கும்."

"கிண்டல் பண்ணாதீங்க சார். பாருங்க."

மூத்தவர் படங்களை ஓடவிட்டார். கடைசிப் படத்தில் அவர் விரல் தானாகவே திரையருகே போனது. மதியத்தில் கண்ணுக்கே தெரியாத மெல்லிய புகை, சூரியன் சாய்ந்ததும் பளிச்சென்று தெரிந்தது. கிழக்கே போய்க்கொண்டிருந்த அது லேசாக வளைந்து, பள்ளத்தாக்குக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே ஒரு நெஞ்சுநோய் ஆஸ்பத்திரி. அவளுடைய கோடு அதைத் தொடாமல் தள்ளிப் போயிருந்தது.

நீட்டிய விரல் திரும்பி வந்து மோவாயைச் சொறிந்தது.

"பிரமாதம். அனுப்பிடுங்க," என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வீட்டில் மனைவி கேட்டாள், "என்ன, இன்னிக்கு முகத்துல ஒரே வெளிச்சம்?"

"நாளைக்குத் தெரியும், யார் கோடு கோடுன்னு."

"அது கிடக்கட்டும். புகை வருமா? ஜன்னலைச் சாத்தணுமா?"

"இங்க வராது. பள்ளத்தாக்குக்குத்தான் போகுது."

"ஐயோ பாவம். அங்க இருக்கறவங்களுக்குச் சொல்லியாச்சா?"

மூத்தவர் பாதிச் சாப்பாட்டில் கை கழுவ எழுந்துவிட்டார். தொலைபேசியை எடுத்தார்; இளையவளின் முகம் ஞாபகம் வந்தது; வைத்துவிட்டார். மறுபடி எடுத்தார். மறுபடி வைத்தார்.

காலையில் எல்லாரையும் கூடத்துக்கு அழைத்திருந்தார் இயக்குநர். மூத்தவர் பின்வரிசையில், கதவோரமாக நின்றுகொண்டார்.

"பள்ளத்தாக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து போன். ஊர் பூரா புகையாம்," என்றார் இயக்குநர். "நம்ம வரைபடத்தைப் பாத்து முன்னாடியே எல்லா ஜன்னலையும் சாத்திட்டாங்களாம். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை."

மூத்தவர் தலை நிமிர்ந்தது.

"சார், நீங்க ஏன் பின்னாடி நிக்கறீங்க? முன்னாடி வாங்க," என்று கூப்பிட்டார் இயக்குநர்.

"நானா?"

"பின்ன? 'என் கோடு தப்பா இருந்தது, சார்தான் கடைசி நேரத்துல கண்டுபிடிச்சார்'னு இந்தம்மாவே எழுதியிருக்காங்களே. பழைய கை பழைய கைதான்."

கை தட்டினார்கள். எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியது இளையவள். பல மாதமாக அவர் ஏங்கிக் கிடந்த சத்தம் அது. கேட்டு முடிப்பதற்குள் சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது.

மேஜைக்குத் திரும்பியதும் மெல்லக் கேட்டார். "நான் ஒண்ணுமே சொல்லலையேம்மா?"

"சொல்லலை சார். ஆனா உங்க விரல் ஒரு இடத்துல நின்னுட்டுத் திரும்பிச்சு. நீங்க போனப்புறம் அந்தப் படத்தை மறுபடி பாத்தேன்."

"அப்புறம் எதுக்கு என் பேரை எழுதினீங்க?"

"முதல்ல பாத்தது நீங்கதானே?"

அவள் இன்றைய படங்களை ஓடவிட்டாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்:

"அடுத்த தடவை வாயாலயே சொல்லிடுங்க சார்."