டப்பாவுக்கு ஒரு சாட்சி

இப்போதெல்லாம் டாக்டர் சொன்னால் சந்தேகப்படுகிறார்கள். மைக்கில் சொன்னால் நம்பிவிடுகிறார்கள். தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, கருமுட்டைக்குச் சத்துப் பவுடர் என்று விற்றுக்கொண்டிருந்தார்கள்.

இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி மேடையேறினாள். "அஞ்சு வருஷமா எனக்குக் குழந்தை இல்ல. இந்தப் பவுடரைக் குடிச்சேன். இதோ, என் தங்கம்!"

ஒரே கைதட்டல். என் பக்கத்திலிருந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே காதுத் தோட்டைக் கழற்றினாள். "அடகு வச்சாவது வாங்கிடணும் பெரியவரே."

"வாங்காதம்மா. அத்தனையும் பொய்."

"உனுக்கு இன்னா தெரியும்?"

"அவ என் மருமவ. அது பக்கத்து வூட்டு பரிதாவோட புள்ள."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எந்த மாமனார் மருமவள நல்லா பேசிகீறாரு?" என்று சொல்லிவிட்டுப் போய் வரிசையில் நின்றுகொண்டாள்.

கூட்டம் முடிந்ததும் மருமகள் சுபத்ரா ஓடி வந்தாள். "மாமா, பேசினதுக்கு ரெண்டு டப்பா சும்மாவே குடுத்தாங்க. விடாம குடிச்சா எனக்கும் கரு தங்கிடும்ல?"

பொய் சொன்ன வாயே அதை நம்புகிறது! தூ!

பசியில் வீறிட்ட குழந்தையை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தேன். பரிதா தேடிக்கொண்டிருப்பாள்.